குளம் பாதியில் நிற்கும்போது: நெல்லா, பயறா, கச்சானா, எள்ளா?

பங்குனி பிறந்து, மாரிமழையில் விளைந்த காலபோக நெல்லும் வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்த கோடைப் போகமான சிறுபோகத்தைப் பற்றி எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான். "அண்ணை, குளத்திலை தண்ணி பாதிதான் நிக்குது. சிறுபோகத்துக்கு என்ன போடுவம்?"

இம்முறை கேட்டவர்களில் மூன்று பேரின் நிலை மூன்று விதம். ஒருவருக்குக் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் ஒன்றரை ஏக்கர் வயல். முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு அக்காவுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் ஒரு கிணறும். வவுனியாவில் ஒரு தம்பிக்குச் சிறுகுளத்தின் கீழ் வயல். அந்தக் குளத்தில் வைகாசிக்கு மாடு குடிக்கத்தான் தண்ணி மிஞ்சும். மூவருக்கும் ஒரே பதிலை எழுதினால் இரண்டு பேரை நட்டத்தில் தள்ளியவன் ஆவேன்.

"எது வறட்சி தாங்கும்?" என்று கேட்பதிலேயே ஒரு பிழை இருக்கிறது. எல்லாப் பயிரும் ஏதோ ஒரு விதத்தில் தாங்கும். ஒன்று வறட்சி வருமுன் காய்த்து முடித்து ஓடித் தப்பும். ஒன்று வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். ஒன்று ஆழத்துக்குப் போய்த் தேடும். உங்கள் காணிக்கு எந்த விதம் ஒத்துவரும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான்கு விஷயம்.

## எதை வைத்து அளப்பது

தண்ணி எந்தத் தேதியில் நிற்கும்? "குறைவாக இருக்கிறது" என்பது கணக்கில்லை. சிறுபோகக் கூட்டத்தில் இத்தனை ஏக்கருக்குத்தான் தண்ணி என்று தீர்மானிப்பார்கள்; முறை வைத்துத் திறக்கும் தண்ணியில் கடைசி முறை எப்போது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிணறு என்றால், போன வருடம் ஆடியில் எத்தனை மணித்தியாலம் இறைக்க முடிந்தது என்பதுதான் உங்கள் தேதி.

வேர் இறங்க மண் இடம் கொடுக்குமா? இதை யாரும் பார்ப்பதில்லை. நனைத்து இரண்டு நாள் விட்ட மண்ணில், உடம்புப் பாரத்தைப் போடாமல் அலவாங்கை (கடப்பாரையை) இறக்குங்கள். வருடக்கணக்காகச் சேறடித்த வயலில் ஒரு சாணில் நிற்கும். அடியில் உழவு இறுக்கிய தட்டு. வன்னியின் செம்மண்ணில் இரண்டு வகை. ஒன்று ஆழமாக, இலேசாக, அலவாங்கு இறங்கிக்கொண்டே போகும். மற்றது கபிலச் செம்மண். ஈரத்தில் வெண்ணெய், காய்ந்தால் செங்கல், பல இடங்களில் கீழே கிறவல் (சரளைக்கல்) படை. மேலே பார்த்தால் இரண்டும் சிவப்புத்தான்.

பயிர் தாங்காத கிழமை எது? ஒவ்வொரு பயிருக்கும் பட்டினி பொறுக்கும் காலம் ஒன்று, பொறுக்காத காலம் ஒன்று. உங்கள் தண்ணி நிற்கும் தேதி பொறுக்காத காலத்துக்குள் விழக்கூடாது.

கணக்கில் வராத செலவு எது? ஆய்கிற கூலி, பன்றிக் காவல், விதை, மோட்டருக்கு எரியும் எண்ணெய்.

## செடி முதலில் எதை நிறுத்தும்

மண் காயத் தொடங்கும்போது செடி முதலில் நிறுத்துவது இலை விரிவதை. வாடல் நம் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல நாள் முன்பே புது இலை சிறுத்து வரத் தொடங்கிவிடும். ஒளித்தொகுப்பு அந்த நேரத்தில் அவ்வளவு குறைந்திருக்காது. அதனால் மேலே செலவாகாமல் மிஞ்சும் சீனி வேருக்கு இறங்கும். மேலே கட்டை, கீழே நீளம். வேர்நுனி தனக்குள் கரைபொருட்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு காய்கிற மண்ணிலிருந்தும் நீரை இழுத்து நீளும். பக்கவேரும் கண்டபடி கிளைக்காது. ஈரமுள்ள பக்கம் பார்த்துத்தான் விடும்.

இதோடு அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் செடிக்குள் கூடி, இலையிலுள்ள நுண்துளைகளான இலைவாய்களை மூடச் செய்யும். மூடினால் நீர் மிஞ்சும். ஆனால் காபனீரொட்சைட்டு உள்ளே வருவதும் அதே வாயால்தான். தண்ணியை மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு நாளும் விளைச்சலில் கொஞ்சம் கழிகிறது. வறட்சி தாங்குகிற பயிர் குறைவாக விளைவது அதன் குற்றமில்லை. கொடுக்கிற விலை அது.

இதை நான் படித்தது ஒரு மோட்டர் எரிந்தபோது. ஒரு சிறுபோகம் பயறுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை கிணற்றுத் தண்ணி விட்டேன். செடி கரும்பச்சை, வழியால் போனவர்கள் நின்று மெச்சினார்கள். பூக்கிற கிழமையில் மோட்டர் எரிந்தது. திருத்தி வர ஒன்பது நாள். ஐந்தாம் நாளே என் பயறு படுத்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் பயறு. முளைத்த பிறகு பதினைந்து நாள் தண்ணியே காணாதது, என்னுடையதைவிட அரைச்சாண் கட்டை. அது நின்றது. இரண்டிலும் ஒவ்வொரு செடியைக் கிண்டிப் பார்த்தோம். என்னுடையதில் வேரெல்லாம் ஒரு சாணுக்குள் தலைமயிர்போலச் சுருண்டு கிடந்தது. அவருடையதில் ஆணிவேர் ஒரு முழத்துக்குக் கீழேயும் போய்க்கொண்டிருந்தது. முழுதாக எடுக்க முடியவில்லை, அறுந்துதான் கையில் வந்தது.

"நீ வாயிலை ஊட்டினாய். என்ர பயறு தேடித் திண்டுது," என்றார் பெரியப்பா.

அன்றிலிருந்து எனக்கு ஒரு முறை: முளைத்த பிறகு இரண்டு கிழமை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, பிறகு விடுவதென்றால் நன்றாக ஊற விடுவது. நெல்லுக்கு இது பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| | நெல் (3 மாதம்) | பயறு (பாசிப்பயறு) | கச்சான் (நிலக்கடலை) | எள்ளு |
|---|---|---|---|---|
| வயது | 90 நாளளவு | 60–65 நாள் | 90–105 நாள் | 80–90 நாள் |
| வேர் | மேலோட்டமான நார்வேர் | ஆணிவேர், நடுத்தர ஆழம் | ஆணிவேர், இடம் இருந்தால் 1 மீற்றருக்கும் கீழே | ஆணிவேர், முதலில் வேர் பிறகு செடி |
| வறட்சிக்குப் பதில் | இலை சுருட்டும், சப்பி (பதர்) கூடும் | ஓடித் தப்பும் | ஆழத்தில் தேடும் | கட்டையாகி, மேல்பூவைக் கைவிடும் |
| தாங்காத காலம் | குடலை (கதிர் உள்ளே பொதிந்திருக்கும் பருவம்) முதல் பூ வரை | பூவும் காய் நிரம்பலும் | காம்பு மண்ணில் இறங்கி காய் கட்டும் காலம் | முளைப்பு; பிறகு தேங்கும் தண்ணி |
| மறைந்த செலவு | முறைத் தண்ணிக் காவல், எண்ணெய் | ஆய்கிற கூலி, மஞ்சள் நோய் | விதை, பன்றி, கிண்டுதல் | களை, வெடித்துக் கொட்டுதல் |

## நெல்

நெல்லைப் பற்றி நான் கடுமையாக எழுதுவேன் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. கடைசி முறை வரை தண்ணி உறுதி என்றால், காணி களி வயல் என்றால், நெல்லைப் போடுங்கள். வீட்டுச் சோறும் மாட்டுக்கு வைக்கோலும் ஒரே காணியில் வேறு எதிலும் வராது.

ஆனால் நெல்லின் வேர் தண்ணிக்குள் நிற்கப் பழகிய வேர். உள்ளே காற்றறைகள் வைத்து மூச்சுவிடும். பெரும்பகுதி மேல் மண்ணின் 20 முதல் 30 சென்ரிமீற்றருக்குள்தான். நாங்கள் சேறடித்து, பலகை அடித்து, அதற்குக் கீழே ஒரு தட்டும் போட்டு வைத்திருக்கிறோம். தண்ணி தேங்க அந்தத் தட்டு வேண்டும். தண்ணி நின்ற அன்று அதே தட்டுத்தான் வேருக்கு மதில்.

வேரைச் செங்குத்தாக இறக்கும் மரபணு ஒன்றைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல் கினன்டாங் பற்றோங்கிலிருந்து எடுத்து, ஐஆர் 64 என்ற நெல்லுக்குள் சேர்த்தபோது வேர் ஆழம் போய், வறட்சியிலும் விளைச்சல் தாக்குப்பிடித்தது. அருமையான வேலை. என்றாலும் எந்த மரபணுவும் அலவாங்கு ஆகிவிடாது. இறுகிய தட்டுக்கு மேலே செங்குத்து வேர் என்ன செய்யும்?

எங்கள் கையில் இருக்கும் வழி வயதுதான். விதைப்பையில் உள்ள இலக்கத்தின் முன்பகுதியே வயதைச் சொல்லும்: பிஜி 352 மூன்றரை மாதம், பிஜி 300 மூன்று மாதம், பிஜி 250 இரண்டரை மாதம். கடைசி முறையின் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மட்டம் வெடிக்கும் (அடியில் பக்கக் கிளை விடும்) காலத்தில் ஒரு கிழமை தண்ணி தவறினால் நெல் மன்னிக்கும். குடலையிலிருந்து பூ வரையான நாட்களில் தவறினால் மன்னிக்காது. கதிர் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும், தடவிப் பார்த்தால் சப்பி.

செலவு முழுவதும் முன்பக்கம் இருப்பதை மறக்கவேண்டாம். சேறடிக்க மட்டும் 150 முதல் 250 மில்லிமீற்றர் தண்ணி போகும். பயறு தன் வாழ்நாள் முழுக்கக் கேட்பதில் ஏறக்குறைய பாதி. உழவு, விதை, பசளை எல்லாம் போட்ட பிறகுதான் தண்ணி வருமா வராதா என்ற பயம். வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவர்களுக்கு இரவுக் காவலும் பக்கத்துக் காணியோடு ஒரு மனத்தாங்கலும் சேர்த்தி. வாய்க்காலின் கடைசியில் இருந்துகொண்டு, குளம் பாதியாக இருக்கும் வருடத்தில் நெல் போடுவது எனக்கு விருப்பமில்லை.

## பயறு

பயறு வறட்சியோடு மல்லுக்கட்டாது. 60, 65 நாளில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். காலபோக நெல் வெட்டிய வயலில் ஈரம் காயுமுன் இடைப்போகமாக விதைத்தால் இரண்டு மூன்று தண்ணியோடு ஒப்பேற்றலாம். ஆனால் கீழே உழவுத்தட்டு இறுக்கமாக இருந்தால் ஆணிவேர் அதில் முட்டி வளைந்து கிடக்கும். அப்படியான வயலில் ஈரத்தோடு ஒருமுறை ஆழ உழுதுவிட்டு விதைப்பது தண்ணி விடுவதைவிட உதவும்.

தாங்காத காலம் குறுகியது: பூவிலிருந்து காய் நிரம்பும் வரை, முப்பதாவது நாளை ஒட்டித் தொடங்கும். ஒரே ஒரு தண்ணிதான் மிச்சம் என்றால் அதற்கு வைத்திருங்கள்.

சந்தையில் விலை கேட்டு மனம் குளிர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு. பயறு ஒரே நாளில் காயாது. இரண்டு மூன்று முறை ஆய வேண்டும், காலை வெயிலுக்கு முன் ஆய வேண்டும், ஆட்கள் ஊரில் இருக்க வேண்டும். வறட்சியான காலநிலையில் வெள்ளை ஈ கூடி மஞ்சள் சித்திரவடிவ நோய் பரவும். நோய் பிடித்த செடிக்கு எந்த மருந்தும் இல்லை. ஆரம்பத்தில் பிடுங்கி எரிப்பதுதான். மயில் வேறு.

கௌபியையும் (தட்டைப்பயறு) இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பயறைவிடப் பத்து நாளளவு கூட நிற்கும், ஆனால் பொறுமை அதிகம். உச்சி வெயிலில் கௌபிப் பாத்தியில் குந்தியிருந்து பாருங்கள்: இலைகள் தட்டையாக விரிந்திருக்காது, சூரியனுக்கு விளிம்பைக் காட்டி நிமிர்ந்து நிற்கும், கும்பிடுகிற கைபோல. பின்னேரம் மீண்டும் விரியும். மண்ணில் ஈரம் இன்னும் இருக்கும்போதே இலைவாயை மூடிவிடும் பயிர் அது. அதனால் சாகாது, அதனால்தான் அந்த நாட்களில் வளரவும் மாட்டாது. தண்ணி எப்போது வரும் என்று தெரியாத காணிக்குப் பயறைவிடக் கௌபி. வைத்துச் சாப்பிடவோ விதைக்கு வைக்கவோ நினைத்தால் வண்டு உங்களுக்கு முன் சாப்பிடும்; நன்றாகக் காயவைத்துக் காற்றுப்போகாமல் அடைக்க வேண்டும்.

## கச்சான்

முல்லைத்தீவுப் பக்கத்துக்குக் கச்சான் புதிதில்லை. ஆழமான, மணல் கலந்த செம்மண்ணில் இதன் வேர் வெகு தூரம் இறங்கும். ஒரு மீற்றருக்குக் கீழே மாரி மழை விட்டுப்போன ஈரத்தை எடுத்துக்கொள்ளும். முதல் மாதத்தில் கொஞ்சம் பட்டினி போட்டால் கெடுதல் இல்லை. அதன் பிறகு தண்ணி விட்டால் பூ சிதறிச் சிதறி வராமல் ஒரேயடியாக வரும், காயும் ஒன்றாக முற்றும்.

சிக்கல் வேரில் இல்லை, காயில். பூ உதிர்ந்ததும் ஊசிபோல ஒரு காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்து இறங்கும். அதன் நுனியில்தான் காய். வேர் ஒரு மீற்றர் கீழே நன்றாகக் குடித்துக்கொண்டிருக்கலாம். மேலே இரண்டு அங்குல மண் காய்ந்து இறுகியிருந்தால் காம்பு இறங்க முடியாமல் வெளியில் நின்றே கருகும். இன்னொன்று: காய்க்கு வேண்டிய கல்சியம் இலை வழியாக வராது, சுற்றியுள்ள மண்ணிலிருந்து காயே உறிஞ்ச வேண்டும், அதற்கு மேல் மண்ணில் ஈரம் வேண்டும். இல்லாவிட்டால் கோது இருக்கும், பருப்பு இராது. செடி பச்சையாக இருக்கிறதே என்று நம்பிக் கடைசியில் பொக்குக் கச்சான் கிண்டியவர்களை எனக்குத் தெரியும். சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடித்து வீசும் மாதங்களில் மேல்மண் காய்வது ஒரு பகலில் நடக்கும். எங்கள் பக்கத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். கச்சானுக்குக் கச்சானே எதிரி.

ஆகவே கபிலச் செம்மண்ணில், அதுவும் கிறவல் அடியில் இருந்தால், கச்சான் போடும் முன் இரண்டு தரம் யோசியுங்கள். கிண்டுகிற நாளில் மண் செங்கல்லாக இருந்தால் காயில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அதைப் பன்றி வந்து எடுக்கும். கிண்டுவதற்கு முந்தைய நாள் விடும் தண்ணியும் செலவுதான். விதை ஏக்கருக்கு உடைத்த பருப்பாக ஏறக்குறைய 40 கிலோ. நான்கு பயிரிலும் விதைக்கு அதிகம் காசு போவது இதற்கே. கடைசி மூன்று நான்கு கிழமை கடும் வறட்சியில் சூடான மண்ணில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து அஃப்லடொக்சின் நஞ்சு சேரும். வெடித்த, கறுத்த காயைப் பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுக்கவேண்டாம்.

கிணறு ஆடி வரை ஒரு மணித்தியாலமாவது இறைக்குமென்றால், மண் ஆழமென்றால், வீட்டுக்குப் பக்கத்தில் காவல் வைக்கக்கூடிய காணியென்றால், இதைவிட நல்ல பயிர் எனக்குத் தெரியாது.

## எள்ளு

ஏக்கருக்கு மூன்று கிலோ விதை. பசளை குறைவு. தண்ணி, முளைத்துவிட்டால், மிகக் குறைவு. எள்ளு முதல் மாதத்தில் வளரவே வளராததுபோல நிற்கும். பார்த்துவிட்டு உழுதுவிடலாமா என்று கேட்பார்கள். அந்த நாட்களில் அது கீழே வேலை செய்கிறது. பிறகு தண்ணி குறைந்தால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும் செடி. வறட்சி முற்றினால் மேல்பூவை விட்டுவிட்டு, ஏற்கெனவே பிடித்த கீழ்க்காய்களை நிரப்பும். நெல்லைப்போல ஒரு கிழமையில் எல்லாம் போய்விடாது.

தாங்காதது இரண்டு. ஒன்று, விதைக்கிற நாளில் ஈரமில்லாமை; இத்தனை சிறிய விதை ஆழத்திலிருந்து முட்டிக்கொண்டு வராது, மேல்மண்ணில்தான் ஈரம் வேண்டும். மற்றது தண்ணி தேங்குவது. களி வயலில் ஒரு பெருமழை பெய்து இரண்டு நாள் வடியாமல் நின்றால் எள்ளு முடிந்தது. வறட்சிக்குப் பயந்து எள்ளு போட்டு மழையில் இழந்தவர்கள் வன்னியில் ஏராளம்.

முதல் மாதம் களை அதை மூடிவிடும், ஆகவே ஒரு களையெடுப்புக் கூலி கட்டாயம். அறுவடையில் நாள் தவறினால் காய் வெடித்து விதை நிலத்தில். கீழ்க்காய் மஞ்சளாகும்போதே வெட்டிக் கட்டி நிறுத்தி, படங்கில் தட்ட வேண்டும். வருமானம் மற்றவற்றைவிடக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் இழக்கக்கூடியதும் குறைவு, கடன் வாங்கிக் கமம் செய்கிறவருக்கு அது பெரிய விஷயம். பன்றியும் கச்சானைத் தேடுவதுபோல இதைத் தேடி வராது.

## பட்டியலில் ஏன் இல்லை

சோளன் (மக்காச்சோளம்) ஏன் இல்லை என்று கேட்பீர்கள். வெயிலுக்கு அஞ்சாத பயிர்தான். ஆனால் பூக்கிற நேரத்தில் வறட்சி பட்டால் மேலே ஆண்பூ நேரத்துக்கு மகரந்தத்தைக் கொட்டிவிடும், பொத்தியின் பட்டுநூல் பிந்தி வரும்; இரண்டும் சந்திக்காது, பொத்தி ஓட்டைப் பல். 2018இல் நாட்டுக்குள் வந்த சேனா படைப்புழுவும் இருக்கிறது. உழுந்து வவுனியாவில் காலபோகப் பயிர், அதன் கதை வேறு. குரக்கன் உண்மையில் நல்ல தெரிவு. காய்ந்து கிடந்தாலும் மழை கண்டால் திரும்ப மட்டம் வெடிக்கும். கையால் கதிர் கொய்ய ஆள் கிடைத்தால் போடுங்கள்.

## மூவருக்கும்

இரணைமடுக்காரருக்கு: உங்கள் காணி வாய்க்காலின் நடுப்பகுதியில் இருக்கிறது, பங்கும் உறுதியாகிவிட்டது. ஒரு ஏக்கரில் மூன்று மாத நெல், அதற்கு மேல் வேண்டாம். மேட்டுப்பக்க அரை ஏக்கரைச் சேறடிக்காமல் ஆழ உழுது பயறு போடுங்கள்.

வவுனியாத் தம்பிக்கு: குளத்தை நம்பவேண்டாம். வயலில் கால் வைத்தால் சேறு ஒட்டாமல் ஈரம் மட்டும் தெரிகிற பதத்தில் இப்போதே கௌபி. எள்ளு வேண்டாம், நீங்கள் அனுப்பிய படத்தில் மூலையில் இன்னும் தண்ணி தேங்கி நிற்கிறது.

ஒட்டுசுட்டான் அக்காவுக்கு: கிணற்றடி அரை ஏக்கரில் கச்சான், மிச்சம் ஒன்றரையில் சித்திரை மழையோடு எள்ளு. கிணற்றடியில் கிறவல் இருந்தால் கச்சானும் வேண்டாம், கௌபியாக மாற்றுவோம். அலவாங்கு இறக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. விதைக் கச்சான் வாங்குவதற்கு முன் வந்தால் நல்லது.